கோபாலபுரம் எல்லை தாண்டி வந்தவர்களுக்கு: கேரளத்துச் சித்தூர் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீசில் காரியம் முடிப்பது எப்படி

பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் மாமனாரோடு ஒரு ஆபீசுக்குப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஆதாரம் கொண்டுவந்நிட்டுண்டோ?" என்றார். நான் பெருமையாகக் கைப்பையைத் திறந்து ஆதார் கார்டை எடுத்து நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "அதில்லை அம்மணி, கிரயப் பத்திரத்தைக் கேக்கறாங்க" என்றார் மாமா. பத்திரம் வீட்டு பீரோவுக்குள் இருந்தது. ஒரு பஸ் காசும் அரை நாளும் போச்சு.

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது கையில் ஒரு ஃபாரத்தோடு எங்கள் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் முழுக்கத் தமிழ்தான். சந்தையிலும் பஸ்சிலும் மலையாளம் தெரியாமல் காலம் தள்ளிவிடலாம். ஆபீஸ் வாசல்படி ஏறியதும்தான் வேறு மாநிலம் என்பது உறைக்கும். கல்யாணமாகி வந்தவர்கள், ஏழு சென்ட் வாங்கி வீடு கட்ட வந்தவர்கள், டீக்கடை போட வந்தவர்கள் ஆகியோருக்காக, நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: எந்த வாசல்?

தமிழ்நாட்டில் பழகிய கால், எதற்கெடுத்தாலும் வி.ஏ.ஓ. ஆபீசைத் தேடிப் போகும். இங்கே அதே போல வில்லேஜ் ஆபீஸ் இருக்கிறது. ஆனால் அங்கே வி.ஏ.ஓ. செய்கிற வேலைகளில் பாதி இங்கே பஞ்சாயத்தில் நடக்கிறது. முக்கியமாக, கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடு அங்கே வி.ஏ.ஓ. கையில், இங்கே பஞ்சாயத்து செக்ரட்டரி கையில்.

நான் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது: மண் சம்பந்தப்பட்டது வில்லேஜ் ஆபீஸ், கட்டடம் சம்பந்தப்பட்டது பஞ்சாயத்து. நிலவரி, பட்டா மாற்றம், கைவசச் சான்று எல்லாம் வில்லேஜ் ஆபீஸ். வீடு கட்ட அனுமதி, வீட்டு நம்பர், வருஷா வருஷம் கட்டும் வீட்டு வரி, வீட்டு உரிமைச் சான்று எல்லாம் பஞ்சாயத்து. ஆள் சம்பந்தப்பட்டதில், பிறப்பு, இறப்பு, கல்யாணம், முதியோர் பென்ஷன் பஞ்சாயத்துக்கு. சாதி, வருமானச் சான்று வில்லேஜ் ஆபீசுக்கு. கடை லைசென்சும் தெருவிளக்கும் பஞ்சாயத்து ரோடும் பஞ்சாயத்துதான்.

ரேஷன் கார்டுக்கு இரண்டிலும் வேலை இல்லை. அது தாலுகா சப்ளை ஆபீஸ். தமிழ்நாட்டுக் கார்டில் பெயர் இருந்தால் முதலில் அங்கே நீக்கி, அந்தச் சான்றைக் கையோடு கொண்டுவர வேண்டும். கல்யாணமாகி வருகிற பெண்கள் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு, பிள்ளை பிறந்தபின் அம்மா வீட்டுக்கு ஓடுவார்கள். நானும் அப்படி ஓடியவள்தான்.

இந்தக் கணக்கு ஒரே ஒரு இடத்தில் உதைக்கும். புதுவீடு கட்டினால் பஞ்சாயத்துக்குக் கட்டும் வருஷ வரி போக, வருவாய்த் துறைக்கும் ஒருமுறை வரி ஒன்று உண்டு, 1975-ஆம் வருஷச் சட்டப்படி. வீடு 100 சதுர மீட்டருக்குள் என்றால் கிடையாது. அதற்கு மேலே கட்டியவர்களுக்கு வில்லேஜ் ஆபீஸ் வழியாகத் தாசில்தார் நோட்டீஸ் வரும். "வரிதான் கட்டிட்டனே, மறுபடி என்னத்துக்கு?" என்று பஞ்சாயத்தில் போய்ச் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. அது வேறு பெட்டி.

சித்தூர் தத்தமங்கலத்துக்குள் குடியிருந்தால் உங்களுக்குப் பஞ்சாயத்துக்குப் பதில் நகரசபை. பிரசிடெண்டுக்குப் பதில் சேர்மன். காரியங்கள் அநேகமாக ஒன்றே.

நம் வார்த்தை மாதிரியே இருக்கும், நம் அர்த்தம் இருக்காது

மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம். பாதி புரிகிற மாதிரி இருப்பதுதான் ஆபத்து. 'ஆதாரம்' கதையை மேலே சொன்னேன்: இங்கே அது கிரயப் பத்திரம். ஆதார் கார்டு வேண்டுமென்றால் "ஆதார் கார்டு" என்றே கேட்பார்கள்.

'கரம்' என்றால் வரி. 'கரம் அடைச்ச ரசீது' என்று எழுதிக் கொடுத்தால் வரி கட்டிய ரசீது. 'வெள்ளக்கரம்' என்று நோட்டீஸ் வந்ததும் எங்கள் தெரு அம்மா ஒருவர் வெள்ள நிவாரணத்துக்குப் பணம் கேட்கிறார்கள் என்று நினைத்து ஒதுக்கி வைத்துவிட்டார். அது தண்ணீர் வரி. 'போக்குவரவு' என்ற பலகையைப் பார்த்து பஸ் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். கிரயம் முடிந்தபின் நிலவரிக் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுவதுதான் அது, நாம் பட்டா மாற்றம் என்போம். அந்தக் கணக்குக்கு ஒரு எண் உண்டு, 'தண்டப்பேர் நம்பர்'. ரசீதில் அச்சாகியிருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எதற்கும் கேட்பார்கள்.

'அவகாசம்' என்றால் உரிமை. "எனக்கு அவகாசம் வேணும்" என்று டைம் கேட்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டு, எதிராளி முறைப்பதைப் பார்த்து விழிக்க வேண்டாம். 'அபேக்ஷ' விண்ணப்பம். 'சத்யவாங்மூலம்' உறுதிமொழிப் பத்திரம். 'ஒப்பு' கையெழுத்து. 'மேல்விலாசம்' முகவரி.

இந்தப் பட்டியலில் எல்லாவற்றையும் விட விலை கூடிய வார்த்தை 'நிலம்'. அதற்குத் தனியாக இடம் வேண்டும், வீட்டுப் பகுதியில் வருகிறேன்.

மொழியே தடையாக இருந்தால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தின் 1969-ஆம் வருஷ ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மை மொழிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு ஆபீஸ்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று சொல்கிறது. அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவும் குறை தீர்க்கும் மனுவை மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. நடைமுறையில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால்: அச்சிட்ட ஃபாரத்தை மலையாளத்தில் நிரப்பச் சொல்கிறேன், புகார் மனுவைத் தமிழில் எழுதச் சொல்கிறேன். ஃபாரம் வேகமாக நகர வேண்டும். புகாரில் மனசில் இருப்பது பிசகாமல் வர வேண்டும்.

போனும் ஒரு பிளாஸ்டிக் கவரும்

பஞ்சாயத்து வேலைகள் இப்போது கே-ஸ்மார்ட் என்ற ஆன்லைன் வழியில் போகின்றன. 2024 ஜனவரியில் நகரசபைகளில் தொடங்கி, 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்தது. கணக்குத் திறக்க ஆதாரோடு இணைந்த போன் நம்பருக்கு ஓ.டி.பி. வரும். திண்ணைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆதாரில் இருப்பது என்றைக்கோ தொலைத்த நம்பராக இருக்கும், அல்லது அண்ணன் நம்பராக இருக்கும். வேறு எந்தக் காரியத்தையும் தொடுவதற்கு முன்னால் இதைச் சரி செய்யுங்கள்.

சொந்தமாகச் செய்ய வராவிட்டால், நம் இ-சேவை மையம் மாதிரி இங்கே அக்ஷயா மையம் இருக்கிறது. அங்கே எந்த வேலைக்கு எவ்வளவு கட்டணம் என்று அரசு நிர்ணயித்த பட்டியல் சுவரில் தொங்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள், ரசீது வாங்குங்கள். விண்ணப்பம் போட்டதும் ஒரு கோப்பு எண் கிடைக்கும். அதை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். பிறகு "அந்த நீல சட்டைக்காரர்கிட்ட குடுத்தனுங்க" என்று ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கவருக்குள் இருக்க வேண்டியவை: ஆதார் நகல், கடைசியாகக் கட்டிய நிலவரி ரசீது, வீட்டு வரி ரசீது, கிரயப் பத்திர நகல், ரேஷன் கார்டு நகல், இரண்டு போட்டோ, ஒரு பேனா. பேனாவைச் சும்மா சொல்லவில்லை. கவுண்டரில் கட்டிப்போட்ட பேனா எழுதி நான் பார்த்ததில்லை.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்த்துப் போங்கள். நாம் இனிஷியலை முன்னால் போடுவோம், இங்கே பின்னால் போடுவார்கள். ஒரு காகிதத்தில் எஸ். பிரியா, இன்னொன்றில் பிரியா எஸ், ஆதாரில் பிரியா சண்முகம் என்று இருந்தால் மூன்று பேர் ஆகிவிடுவீர்கள். மூவரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸர் ஒரு சான்று தருவார். அதற்கும் அக்ஷயா வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இன்னொரு சிக்கல் எழுத்தில். நமக்கு ஒரு 'த' போதும், மலையாளத்துக்கு நாலு 'த' வேண்டும். 'தனபால்' என்று தமிழில் எழுதிக்கொடுத்தால், எந்தத் 'த' என்பது டைப் அடிக்கிறவர் விருப்பம். ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்தைக் காட்டி, அச்சடித்ததை அங்கேயே ஒருவரை வாசித்துக்காட்டச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு நகருங்கள். அச்சான பிறகு திருத்துவது என்பது பள்ளிச் சான்று, அந்தச் சான்று, இந்தச் சான்று என்று கழுத்தை அறுக்கும்.

பிறப்பு, இறப்பு, கல்யாணம்: எல்லைக்கு எந்தப் பக்கம் நடந்தது?

கேள்வி அது ஒன்றுதான். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, சம்பவம் எங்கே நடந்தது என்பதுதான் கணக்கு.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது நம் வழக்கம். என் மகளும் பொள்ளாச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். எங்கள் வீட்டுக்காரர் இங்கே பஞ்சாயத்தில் போய் வரிசையில் நின்று, முறை வந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்ட, அவர்கள் "இது ஞங்ஙளுடெ அல்ல" (எங்களுடையது இல்லை) என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நியாயம்தான். பொள்ளாச்சியில் பிறந்தால் பொள்ளாச்சிப் பதிவேடு, கோயம்புத்தூரில் பிறந்தால் கோயம்புத்தூர்ப் பதிவேடு. கேரளத்துக் குழந்தைக்குத் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்று இருப்பதால் பள்ளியில் சேர்க்க ஒரு தடையும் இல்லை, பயப்பட வேண்டாம்.

இறப்பும் இப்படித்தான். இங்கிருந்து கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தால், தகனம் இங்கே நடந்தாலும் சான்று அங்கிருந்துதான் வரும். காரியம் முடிந்த அலுப்பில் அதை விட்டுவிட்டு, பிறகு பென்ஷனை நிறுத்த, சொத்தை மாற்ற என்று தேவைப்படும்போது ஓடுகிறவர்கள் அதிகம்.

பதிவுக்குக் காலம் 21 நாள். அதற்குள் காசு கிடையாது. தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு மாதம் தாண்டினால் மேலதிகாரி அனுமதி. ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் அளவிலான உத்தரவு வரை போகும். ஆஸ்பத்திரியில் நடந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் நடந்தால் வீட்டார் போக வேண்டும். பெரியவர் ஒருவர் வீட்டில் தவறிவிட்டால், மூன்றாம் நாளோ பதினாறாம் நாளோ, ஞாபகம் இருக்கும்போதே ஒருவரை அனுப்பிவிடுங்கள்.

குழந்தையின் சான்றில் முதலில் பெயர் இருக்காது. ஒரு வருஷத்துக்குள் பெயர் சேர்த்தால் இலவசம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரமாக இந்தச் சான்று ஒன்றையே பள்ளியும் பாஸ்போர்ட்டும் கேட்கும்படி சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஆகவே ஜாதகம் பார்த்துப் பெயர் வைப்பதாக இருந்தாலும் சீக்கிரம் பார்த்து முடியுங்கள்.

கல்யாணத்தில் இரண்டு மாநிலத்துக்கும் வித்தியாசம் உண்டு. கேரளத்தில், 2008-ஆம் வருஷ விதிப்படி, எந்த மதமானாலும் கல்யாணம் நடந்த இடத்துப் பஞ்சாயத்தில் 45 நாளுக்குள் பதிய வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயச் சான்று இல்லாவிட்டால் வார்டு மெம்பர் கொடுக்கும் உறுதிமொழியும் செல்லும். இரண்டு சாட்சி வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷச் சட்டப்படி சார்பதிவாளர் ஆபீசில், 90 நாளுக்குள். பொள்ளாச்சி மண்டபத்தில் தாலி கட்டிவிட்டு இங்கே பஞ்சாயத்துக்கு வந்தால், மாப்பிள்ளை எத்தனை தலைமுறையாக இந்த ஊர்க்காரராக இருந்தாலும் பதிய மாட்டார்கள். முகூர்த்தக்கால் நடும்போதே எந்த ஆபீஸ் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கேற்ற மாதிரி பத்திரிகையில் மண்டபத்து முகவரி தெளிவாக அச்சாகட்டும்.

வீடு: 'நிலம்' என்று எழுதியிருந்தால் நில்லுங்கள்

உடுமலைப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு குடும்பம் ஏழு சென்ட் வாங்கியது. விலை மலிவு. ரசீதை என்னிடம் காட்டினார்கள். பரப்பு 2 ஆர் 83 சதுர மீட்டர் என்று இருந்தது. இங்கே ரசீதில் சென்ட் இருக்காது, ஆர் கணக்கு; ஒரு ஆர் சுமார் 2.47 சென்ட். ஏழு சென்ட் சரியாகத்தான் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் வகை என்ற இடத்தில் 'நிலம்' என்று இருந்தது. "நிலம்னுதான் போட்டிருக்குதுங்க, சரியாத்தான் இருக்குது" என்றார் அந்த வீட்டு ஐயா, சந்தோஷமாக.

நமக்கு நிலம் என்றால் எந்த மண்ணும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டத்தக்க மேட்டு நிலத்துக்கு அவர்கள் எழுதுவது 'புரயிடம்'. 2008-ஆம் வருஷ நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வயலில் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. அந்த இடத்தில் கடைசியாக நெல் விளைந்தது எப்போது என்று யாருக்கும் ஞாபகமில்லை, நாலு தென்னை நிற்கிறது. ஆனாலும் பதிவில் வயல்தான்.

அப்படி இருந்தால் பார்க்க வேண்டியது டேட்டா பேங்க். ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் நெல்வயல்களின் பட்டியல் ஒன்று உண்டு, கிருஷி பவன் என்கிற வேளாண்மை ஆபீசில் சர்வே நம்பரைக் கொடுத்துக் கேட்கலாம். பட்டியலில் தவறாகச் சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்ட அதிகாரி, வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்லை) 5-ஆம் நம்பர் ஃபாரம். பட்டியலில் இல்லை, ஆனால் பதிவில் மட்டும் 'நிலம்' என்றிருந்தால், 50 சென்ட் வரை 6-ஆம் நம்பர் ஃபாரம். இரண்டும் மாதக்கணக்கில் இழுக்கும். உடுமலைக் குடும்பம் அந்த ஏழு சென்ட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் வாடகை கொடுத்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நிலவரி ரசீதைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு கட்டத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டியிருந்தால் போதும்.

இடம் புரயிடம் என்றால் பிறகு சுலபம். 2019-ஆம் வருஷக் கட்டட விதிப்படி, பதிவு பெற்ற இன்ஜினியரோ சூப்பர்வைசரோ வரைபடம் போட்டு கே-ஸ்மார்ட்டில் ஏற்றுவார். 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட சாதாரண வீடுகளுக்கு அவருடைய சுயசான்றின் பேரிலேயே சீக்கிரம் பெர்மிட் கிடைத்துவிடும். பெர்மிட்டுக்கு ஐந்து வருஷ ஆயுள். சுயசான்றில் பொய் இருந்தால் பின்னால் மாட்டுவது நீங்களும்தான் என்பதால், முன் பக்கம் எவ்வளவு விட்டிருக்கிறது என்று டேப் பிடித்து நீங்களே ஒருதரம் அளந்து பாருங்கள். அறிவிக்கப்பட்ட ரோட்டில் இருந்து 3 மீட்டர் விட வேண்டும். நம் ஊரில் படிக்கட்டைச் சாலைவரை இறக்குகிற பழக்கம் இங்கே செல்லாது.

கட்டி முடிந்ததும் பூர்த்திச் சான்று கொடுத்து வீட்டு நம்பர் வாங்க வேண்டும். நம்பர் இல்லாத வீடு காகிதத்தில் வீடே இல்லை. கட்டின வீட்டை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: போக்குவரவு முடிந்தால் மண்தான் உங்கள் பெயருக்கு வரும். வீடு பஞ்சாயத்துப் பதிவில் பழையவர் பெயரிலேயே இருக்கும். அதை மாற்றத் தனி விண்ணப்பம்.

வீட்டு வரி இரண்டு அரையாண்டாக வரும், ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. தாமதித்தால் அபராத வட்டி ஏறும். சொந்தமாகக் குடியிருக்கும் ஒரே வீடு 60 சதுர மீட்டருக்குள் என்றால் விலக்கு உண்டு. தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். வார்டு எல்லைகளைத் திருத்தி 2025 டிசம்பரில் தேர்தல் நடந்ததால் பல வீடுகளின் வார்டு எண் மாறியிருக்கிறது. பழைய ரசீதையும் புது ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

கடை போடுகிறவர்களுக்கு

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தகராறு பெரும்பாலும் கட்டடக்காரரால் வருவது. வாடகை ஒப்பந்தம் போடும் முன், அந்தக் கட்டடத்துக்கு நம்பர் இருக்கிறதா, அது கடை என்று பதிந்ததா வீடு என்று பதிந்ததா, வரி பாக்கி உண்டா என்று பாருங்கள். லைசென்ஸ் நிதியாண்டுக் கணக்கு, மார்ச் கடைசியில் முடியும். புதுப்பிக்க மார்ச் வரை காத்திருக்காமல் முன்னதாகவே போட்டுவிடுங்கள். சாப்பாட்டுக் கடைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேலையாட்களுக்குச் சுகாதார அட்டையும் தனி.

பஞ்சாயத்து லைசென்ஸ்தானே என்று லேசாக நினைக்கிறவர்களுக்கு மாமா சொல்லும் பதில்: "பிளாச்சிமடை எங்க இருக்குதுன்னு கேளு." இதே சித்தூர் தாலுகாவில், பெருமாட்டிப் பஞ்சாயத்தில். கொக்ககோலா ஆலைக்கு 2003-ல் லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது அந்தப் பஞ்சாயத்துதான். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

பச்சைக் கோட்டு அக்காமார்

மாதம் ஒருமுறை பச்சைக் கோட்டுப் போட்ட இரண்டு பெண்கள் வந்து பிளாஸ்டிக் கேட்பார்கள். ஹரித கர்ம சேனை. கழுவி, உலர்த்தி, கட்டி வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். புதிதாக வந்தவர்கள் ஏதோ நன்கொடை என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அது கட்டாயக் கட்டணம், பாக்கி வைத்தால் வரிப் பாக்கி போல வசூலிக்கச் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். ரசீதை வையுங்கள், பஞ்சாயத்துக்கு வேறு வேலையாகப் போனாலும் கேட்பதுண்டு. பிளாஸ்டிக்கை நம் ஊர் மாதிரி கொல்லையில் போட்டுக் கொளுத்தினால் அபராதம்.

வோட்டும் கிராம சபையும்

எம்.எல்.ஏ. தேர்தலில் வோட்டு போட்டீர்கள் என்பதால் பஞ்சாயத்து வோட்டர் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் சட்டமன்றப் பட்டியலை வைத்தே உள்ளாட்சிப் பட்டியல் தயாராகும். கேரளத்தில் மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகப் பட்டியல் வைத்திருக்கிறது, தனியாகச் சேர வேண்டும். போன தேர்தலில் எங்கள் பூத்தில் மட்டும் என் கண்முன் ஐந்து பேர் அடையாள அட்டையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். பட்டியல் புதுப்பிக்கும் அறிவிப்பு வரும்போது வார்டு மெம்பரிடம் சொல்லி வையுங்கள், கூப்பிட்டுச் சொல்வார்.

அந்தப் பட்டியலில் இருக்கிறவர்தான் கிராம சபை உறுப்பினர். தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், காந்தி ஜெயந்தி என்று தேதி வைத்து ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை. இங்கே வார்டுக்கு ஒரு சபை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், கூட்டுகிறவர் வார்டு மெம்பர், வோட்டர்களில் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். வீடு, கிணறு, ஆடு, தென்னங்கன்று என்று எந்த உதவிக்கும் பயனாளிப் பட்டியல் இங்கே வரிசைப்படுத்தப்படுகிறது. லைஃப் திட்டத்தில் வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் என்று கேள்விப்பட்டு நேராக செக்ரட்டரி அறைக்குப் போவதால் பலனில்லை. பட்டியலில் பெயர் ஏற வேண்டும், அதற்கு சபையில் உட்கார வேண்டும்.

எங்கள் வார்டு சபை அங்கன்வாடித் திண்ணையில் கூடும். நீளமான நோட்டில் பெயர், வீட்டு நம்பர், ஒப்பு. வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பஸ்ரீ என்கிற மகளிர் குழுப் பெண்கள். கட்டன் சாயாவும் பழம்பொரியும் வரும்வரை ஆண்கள் வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். முதல்முறை நான் எழுந்து, தெருமுனையில் விளக்கு எரியவில்லை என்று தமிழில் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. மெம்பர் நோட்டில் இருந்து தலையைத் தூக்கி, "போஸ்ட் நம்பர் எத்ரயா?" என்றார். எனக்குத் தெரியாது. பின்னால் இருந்து ஒரு பாட்டி தன் வீட்டு வாசல் கம்பத்தின் எண்ணைக் கணீரென்று சொன்னார். அவர் விளக்கு அடுத்த வாரம் எரிந்தது, எங்களுடையது அதற்கடுத்த சபைக்குப் பிறகு. மின்கம்பத்தில் பெயிண்டால் எண் எழுதியிருப்பார்கள். அதைக் குறித்துக்கொண்டு போங்கள். ரோட்டில் குழி என்றால் யார் வீட்டில் இருந்து யார் வீடு வரை என்று சொல்லுங்கள். பேசி முடித்ததும், சொன்னது மினிட்சில் ஏறியதா என்று அங்கேயே கேளுங்கள்.

வீட்டில் 60 வயது தாண்டியவர்கள் இருந்தால் பென்ஷன் விண்ணப்பமும் பஞ்சாயத்தில்தான். 2025 நவம்பரில் இருந்து மாதம் 2000 ரூபாய். குடும்ப வருமானம் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருஷாவருஷம் அக்ஷயாவில் விரல் வைத்து உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும், 'மஸ்டரிங்' என்பார்கள். தேதி தவறினால் பணம் நிற்கும்.

கோப்பு நகராவிட்டால்

முதலில் கோப்பு எண்ணை வைத்து யார் மேசையில் நிற்கிறது என்று பாருங்கள். பாதி நேரம் உங்களிடம் ஏதோ காகிதம் கேட்டு அனுப்பிய குறுஞ்செய்தியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அடுத்து, எந்தச் சேவைக்கு எத்தனை நாள் என்று ஆபீசில் ஒட்டியிருக்கும் பலகை. சேவை உரிமைச் சட்டப்படி அந்த நாள் தாண்டினால் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் பலகையைப் போனில் படம் எடுத்தாலே சில நேரம் கோப்புக்குக் கால் முளைக்கும்.

அப்படியும் இல்லையென்றால் தகவல் உரிமை மனு. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், "என் கோப்பு எந்தத் தேதியில் யார் யாரிடம் இருந்தது, ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். லஞ்சம் கேட்டால் விஜிலன்சின் 1064 நம்பருக்குப் போன். பஞ்சாயத்து முறைகேடுகளுக்கென்றே திருவனந்தபுரத்தில் ஓம்புட்ஸ்மன் என்று ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நான் அவர்வரை போனதில்லை. ஒரே ஒருமுறை, ஒரு ஆபீசில் எங்கள் விண்ணப்பமே தொலைந்துபோய் ஏழு மாதம் இழுத்தபோது, தகவல் உரிமை மனு எழுதினேன். பன்னிரண்டாம் நாள் அது வேறொரு கட்டுக்குள் இருந்து கிடைத்தது.

எப்போது போகலாம்

பத்து மணிக்குத் திறக்கும். பதினொன்றுக்குப் போங்கள், பத்துக்குப் போனால் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். ஒன்றேகாலில் இருந்து இரண்டு மணிவரை சாப்பாடு. சனிக்கிழமை லீவு என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்: இங்கே இரண்டாம் சனி மட்டும்தான் லீவு, மற்ற சனிக்கிழமை ஆபீஸ் உண்டு, கூட்டமும் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஓணத்துக்கு நாலைந்து நாள் எதுவும் நடக்காது. தைப்பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்திலும் உள்ளூர் விடுமுறை உண்டு. மாட்டுப் பொங்கலுக்குக் கிடையாது. அன்றைக்கு ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்தீர்களானால் கவுண்டரில் உங்களுக்கு முன்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.